பேமெண்ட் பதிலுக்குக் காத்திருக்கும்போது டேட்டாபேஸ் கனெக்ஷனைப் பிடித்து வைக்காதீர்கள்

புதிதாகச் சேரும் பிள்ளைகள் எழுதும் நிரல்களை ரிவ்யூ செய்வது என் வேலையில் பாதி. பைதான், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ், இரண்டையும் இணைக்கும் எஸ்க்யூஎல்ஆல்கெமி லைப்ரரி என்று எல்லாரும் ஒரே கருவிகள்தான், விழும் குழிகளும் ஒன்றேதான். செஷனை (டேட்டாபேஸோடு பேச அந்த லைப்ரரி தரும் பொருள்) மூட மறப்பதை டுட்டோரியலே சொல்லிவிடும், அதை விடுகிறேன்.

டிரான்ஸாக்ஷன் திறந்திருக்க, வெளி சர்வீஸுக்கு அழைப்பு

இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். முன்பு வேலை பார்த்த இடத்தில், சிங்கப்பூர் லிட்டில் இந்தியா கடைகளுக்குத் தீபாவளிப் பலகார ஆர்டர் எடுக்கும் தளம் ஒன்று இருந்தது. ஆர்டர் வந்ததும் ஸ்டாக்கைப் படிக்கும். அந்த முதல் குவரியிலேயே செஷன் டிரான்ஸாக்ஷனை (சேர்ந்தே நிறைவேறும் அல்லது சேர்ந்தே ரத்தாகும் வேலைத் தொகுப்பு) தொடங்கி, பூலிலிருந்து (திறந்து வைத்த கனெக்ஷன்களின் தொகுப்பு) ஒரு கனெக்ஷனை எடுத்துக்கொள்ளும். அடுத்த வரியிலேயே பணம் கட்டுவதற்கான பேநவ் கியூஆர் கேட்டு வெளி சர்வீஸுக்கு அழைப்பு. சட்டென்று வரும் பதில், பண்டிகை நெரிசலில் பத்து நொடி வரை இழுத்தது.

மாற்றாமல் விட்டால் ஒரு ப்ராசஸின் பூலில் 5 கனெக்ஷன், நெருக்கடிக்கு இன்னும் 10. பதினைந்து பேர் கியூஆருக்குக் காத்திருந்தால், பதினாறாவது ஆள் அதிரசம் என்ன விலை என்றுகூடப் பார்க்க முடியாது. யாராவது கனெக்ஷனை விடும்வரை நிற்க வேண்டும், 30 நொடியிலும் கிடைக்காவிட்டால் டைம்அவுட் வாங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். டேட்டாபேஸ் சிபியூவோ சும்மா கிடந்தது. போஸ்ட்கிரெஸில் பார்த்தால் வரிசையாக 'ஐடில் இன் டிரான்ஸாக்ஷன்', அதாவது டிரான்ஸாக்ஷனைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா இருப்பவை.

"அண்ணே, பூல் சைஸை ஏத்திடலாமா?" என்றான் பக்கத்தில் இருந்த தம்பி. இதுதான் எல்லாருக்கும் முதலில் தோன்றும். நாலு ப்ராசஸ், ஒவ்வொன்றுக்கும் 30 என்றால் 120. போஸ்ட்கிரெஸ் இயல்பாக அனுமதிப்பது 100. போதாததற்கு, அந்த நேரம் பார்த்து யாராவது அதே டேபிளில் ஆல்டர் டேபிள் (டேபிளின் அமைப்பை மாற்றும் கட்டளை) ஓட்டினால் அது இந்தத் தூங்கும் டிரான்ஸாக்ஷனுக்காக நிற்கும், அப்புறம் வரும் சாதாரண செலக்ட் எல்லாம் அதன் பின்னால் நிற்கும்.

சரி, என்ன செய்வது? ஆர்டரை 'நிலுவை' என்று எழுதி கமிட் செய்யுங்கள், அதாவது டிரான்ஸாக்ஷனை முடித்துக் கனெக்ஷனைப் பூலுக்குத் திருப்பிவிடுங்கள். பிறகு வெளியே அழையுங்கள். பதில் வந்ததும் புது டிரான்ஸாக்ஷனில் நிலையை மாற்றுங்கள். நடுவில் சர்வர் விழுந்தால் நிலுவையில் கிடப்பதைத் தேடி எடுத்துச் சரிபார்க்க ஒரு ஜாப் வேண்டும். வேலை கூடத்தான், ஆனால் பணம் சம்பந்தப்பட்ட இடத்தில் அது எப்படியும் வேண்டியதே.

இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. கமிட் ஆனதும், மாற்றாமல் விட்டால், நிரலில் இருக்கும் அந்த ஆர்டர் ஆப்ஜெக்டின் மதிப்புகள் காலாவதியாகிவிடும். பேமெண்ட் அழைப்புக்குள் 'ஆர்டர்.தொகை' என்று எழுதினால், அதைப் படிக்கவே செஷன் சத்தமில்லாமல் இன்னொரு குவரி ஓட்டும், புது டிரான்ஸாக்ஷன் தொடங்கும், கனெக்ஷன் மறுபடி உங்கள் கையில். கமிட் எழுதியிருக்கிறதே என்று ரிவ்யூவில் தாண்டிப் போய்விடுவார்கள். ஆகவே ஃப்ளஷ் செய்து (மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பி), தொகையையும் ஆர்டர் எண்ணையும் கமிட்டுக்கு முன்பே சாதாரண மாறிகளில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப் முழுக்க ஒரே செஷன்

வேண்டாம். ரிக்வெஸ்டுக்கு ஒன்று.

ஃப்ளஷ் தோற்ற பிறகு அதே செஷனைத் தொடர்வது

முதலில் ரோல்பேக், அதாவது தோற்ற டிரான்ஸாக்ஷனைக் கைவிடுங்கள். பிழையைப் பிடித்து லாகில் மட்டும் எழுதிவிட்டு நகர்ந்தால், அடுத்த குவரியும் விழும், காரணம் வேறெங்கோ இருப்பதுபோலத் தெரியும்.

பின்னணி வேலைக்கு ஆப்ஜெக்டையே அனுப்புவது

ஐடியை அனுப்புங்கள். அங்கே தனி செஷன் திறந்து புதிதாகப் படிக்கட்டும்.