கிளாசிக் 350-க்கு மாற்று சைலன்சர் பொருத்துதல்

கார்புரேட்டர் உள்ள பழைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் சைலன்சரை மாற்ற விரும்புவோர், ஒலி வரம்புக்கு உட்பட்டதையே வாங்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவு, வரம்பை மீறி ஓட்டுபவருக்கு 10,000 ரூபாய் வரை அபராதமோ சிறையோ விதிக்க இடமளிக்கிறது.

எஞ்சின் முழுவதும் ஆறிய பின், துருப்பிடித்த போல்ட்டுகளில் துரு நீக்கும் எண்ணெயைத் தெளித்துச் சற்று நேரம் ஊறவிட வேண்டும். எஞ்சினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுசெல்லும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் கிளாம்பைத் தளர்த்தி, ஒரு கையால் சைலன்சரைத் தாங்கியபடியே பின்புற பிராக்கெட்டின் போல்ட்டுகளைக் கழற்றி, இடமும் வலமும் மெல்லத் திருப்பிப் பின்னோக்கி இழுத்தால் அது வந்துவிடும். சுத்தியலால் அடிக்கவே கூடாது. அந்த அதிர்வு, எஞ்சினின் மேற்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் பைப்பைப் பிடித்திருக்கும் திருகுத் தண்டுகளான ஸ்டட்டுகள் வரை போகும்.

பைப் முனையின் கரியை உப்புத்தாளால் தேய்த்து நீக்கிவிட்டுப் புதிய சைலன்சரைச் செருகி, எல்லா போல்ட்டுகளையும் முதலில் விரலால் மட்டும் திருகி, எந்த இழுப்பும் இன்றி அது தானாக அமர்ந்த பிறகே ஸ்பேனரால் இறுக்க வேண்டும். பலரும் அவசரப்படுவது இங்கேதான்; வலிந்து இழுத்து மாட்டிய பிராக்கெட் நாளடைவில் விரிசல் விடும்.

குரோமின் மீதுள்ள கைரேகை சூட்டில் அழியாக் கறையாகிவிடும் என்பதால், நன்றாகத் துடைத்த பின்பே ஸ்டார்ட் செய்து, உடனே இணைப்பில் சோப்பு நீரைத் தடவி, புகைக் கசிவைக் காட்டும் குமிழி எழுகிறதா என்று பார்க்க வேண்டும். முதல் ஓட்டம் முடிந்து வண்டி ஆறியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்குவது அவசியம்.