படையில் செய்த வேலையை பயோடேட்டாவில் எழுதுவது எப்படி?

வேலைக்கு ஆள் எடுப்பவர் பலருக்கும் படையின் பதவிப் பெயர்கள் புரியாது. அந்தப் பதவியில் உங்களுக்குக் கீழே எத்தனை பேர் இருந்தார்கள், எது உங்கள் பொறுப்பு என்பதுதான் அவருக்குத் தெரியவேண்டும்.

ஓய்வுக்கு ஆறு மாதம் முன்பே ஒரு நோட்டில் ஆண்டு வாரியாகக் குறித்துவையுங்கள். வெளியே வந்தபின் பயிற்சித் தேதிகள் மறந்துபோகும், கேட்டுச் சரிபார்க்கப் பக்கத்தில் ஆளும் இருக்கமாட்டார்கள். எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினேன், எதற்குக் கணக்கு வைத்தேன், எதைப் பழுதுபார்த்தேன், யாருக்குக் கற்றுக்கொடுத்தேன் என்று ஒவ்வொரு பணிக்கும் எழுதுங்கள்.

பலரும் சறுக்குவது அடுத்த கட்டத்தில்தான். ‘வாகனப் பிரிவில் பணியாற்றினேன்’ என்று எழுதினால் ஓட்டுநர் என்றே நினைப்பார்கள். ‘30 லாரிகளின் பராமரிப்பு, உதிரிபாக இருப்பு, 45 ஓட்டுநர்களின் பணி ஒதுக்கீடு ஆகியவற்றைக் கவனித்தேன்’ என்று எழுதிப் பாருங்கள். போக்குவரத்து மேலாளர் வேலைக்கே கூப்பிடுவார்கள். சுருக்கப் பெயர்களை எல்லாம் விரித்து எழுதுங்கள். முடித்ததும் படையைப் பற்றி ஒன்றும் தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்தச் சொல்லில் தடுமாறுகிறாரோ அதை மாற்றுங்கள். இரண்டு பக்கம் போதும்.

பிரிவு நின்ற இடம், ஆயுத விவரம், நடவடிக்கைகள் எதுவும் பயோடேட்டாவிலோ நேர்காணலிலோ வரக்கூடாது. ஓய்வு பெற்றாலும் ரகசியம் காக்கும் கடமை முடிவதில்லை. ஓர் எண்ணிக்கையை வெளியே சொல்லலாமா என்ற சந்தேகம் வந்தால், விடைபெறும் முன்பே மேலதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.

நேர்காணலில் ‘நாங்கள் செய்தோம்’ என்றே வாயில் வரும். அது நல்ல பழக்கம்தான், ஆனால் எதிரே இருப்பவருக்கு உங்கள் பங்கு தெரியாமல் போய்விடும். நிலைமை இது, நான் எடுத்த முடிவு இது, விளைந்த பலன் இது என்று சொல்லுங்கள். ‘ஆம் சார்’ என்று ஒரே சொல்லில் நிறுத்தினால் பேச விருப்பமில்லை என்று தோன்றும். ஒரு பதிலுக்கு இரண்டு நிமிடம் வைத்து, வீட்டில் வாய்விட்டுப் பேசிப் பழகுங்கள்.

சான்றிதழ்களையும் கையோடு வாங்கிவாருங்கள். படையில் பெற்ற ஓட்டுநர் உரிமம் வெளியே அப்படியே செல்லுமா, மாற்றவேண்டுமா என்று விசாரியுங்கள். மருத்துவப் பதிவுகளின் நகல் மிக முக்கியம். துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுக்கேட்டுக் காது மங்கியிருப்பது உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம், அதனால் விடைபெறும் முன் செவித்திறன் சோதனை செய்து அந்த அறிக்கையையும் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.