அரீனா ஃபுட்பாலில் ஒரு கூடுதல் வாய்ப்பு: இறுதிப்போட்டிக்கு அணியைத் தயார்செய்வது எப்படி

அரீனா ஃபுட்பால் என்பது உள்ளரங்கில் ஆடும் அமெரிக்கக் கால்பந்து. மைதானம் 50 யார்டு நீளம், 85 அடி அகலம். இரு முனைகளிலும் புள்ளி எடுக்கும் பகுதியான எண்ட் ஸோன் 8 யார்டு. அணிக்கு 8 பேர். பந்தை எதிரணிக்குத் தூர உதைத்துக் கொடுக்கும் பன்ட் அடிக்க முடியாது. இவ்வளவு சிறிய இடத்தில் நல்ல அணி பந்து கிடைக்கும்போதெல்லாம் புள்ளி எடுத்துவிடும், எதிரணியும் அப்படித்தான். எனவே ப்ளே-ஆஃப் ஆட்டத்தில் நீங்கள் திட்டமிட வேண்டியது ஒன்றுதான்: எதிரணியைவிட ஒரு முறை கூடுதலாகப் பந்து கைக்கு வர வேண்டும். 1996 அரீனா பவுல் என்ற இறுதிப்போட்டியில் குவார்ட்டர்பேக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவர்) கர்ட் வார்னர் ஆடிய அயோவா பார்ன்ஸ்டார்மர்ஸ், டாம்பா பே ஸ்டார்மிடம் 38-42 என்று தோற்றது. அந்த நான்கு புள்ளிக்கு ஒரு வாய்ப்பு போதும்.

டாஸ் வென்றால் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் பந்தைக் கேளுங்கள். முதல் பாதியின் கடைசி வாய்ப்பும் உங்களுடையதாக அமைந்தால், எதிரணி பந்தைத் தொடாமலே இரண்டு டச் டவுன் (பந்தை எண்ட் ஸோனுக்குள் கொண்டுபோய் எடுக்கும் 6 புள்ளி) எடுக்க வழி பிறக்கும். அதற்குக் கடிகாரத்தை ஆள வேண்டும். கடைசி ஒரு நிமிடம் வரும்வரை, பாஸ் தவறினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். பாதி முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது பந்து உங்களிடம் இருந்தால் அவசரப்படாதீர்கள். பாஸைப் பிடிக்கும் ரிசீவர் தனியாக நிற்கிறார் என்று 1:40 மீதமிருக்கும்போதே டச் டவுன் எடுத்தால், அதே பாதியில் எதிரணிக்கு முழு வாய்ப்பைக் கொடுத்துவிடுகிறீர்கள். பல அணிகள் சறுக்குவது இங்கேதான்.

கடைசி நிமிடத்தில் முழங்காலிட்டு நேரம் கடத்த முடியாது. ஒவ்வொரு முயற்சியும் தொடங்கும் இடமான தொடக்கக் கோட்டைத் தாண்டிப் பந்து முன்னேறாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும். ஆகவே ஃபுல்பேக் (பின்னாலிருந்து பந்தோடு ஓடுபவர்) ஓடும் இரண்டு ப்ளேக்களையாவது கைவசம் வையுங்கள். ஒரு யார்டு கிடைத்தாலும் நேரம் ஓடும். பாஸ் மட்டுமே பழகிய அணி, முன்னிலையில் இருந்தும் இந்த ஒரு யார்டு கிடைக்காமல் தோற்கும்.

நீங்கள் ஒரு புள்ளி முன்னிலையில் இருக்கிறீர்கள். எதிரணிக்கு உங்கள் 5 யார்டு கோட்டில் முதல் டவுன் (நான்கு முயற்சிகளில் முதலாவது). 50 வினாடி மீதம். இப்போது தடுத்தால் நேரத்தைத் தின்றுவிட்டுக் கடைசியில் ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் 3 புள்ளி) அடிப்பார்கள். உடனே டச் டவுன் விட்டுக்கொடுத்துப் பந்தை வாங்குவது மேல். இந்த மைதானத்தில் 40 வினாடி தாராளம். இதைப் பயிற்சியிலேயே சொல்லிப் பழக்குங்கள், ஆட்டத்தின் நடுவே எந்தத் தடுப்பாட்டக்காரரும் மனமுவந்து வழிவிட மாட்டார்.

ஒரு ரிசீவர் பந்து கிளம்பும் முன்பே முன்னோக்கி ஓடலாம். ஆனால் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) முன் தொடக்கக் கோட்டைத் தாண்டினால் 5 யார்டு தண்டனை. பெரும்பாலும் தவறு ரிசீவரின் காலில் இருக்காது; குவார்ட்டர்பேக் குரல் கொடுக்கும் வேகம் மாறியிருக்கும். கூரைக்குள் கூச்சல் அதிகம் என்பதால் வெளியூர் ஆட்டங்களுக்குக் காலசைவில் ஸ்னாப் எடுக்கும் முறையைத் தனியாகப் பழக்குங்கள். பயிற்சியில் ஒலிபெருக்கியை அலறவிட்டு, தினமும் 20 ஸ்னாப்.

பிறகு வலை. கோல் கம்பத்தின் இருபுறமும் 30 அடி அகலம், 32 அடி உயரத்தில், தரையிலிருந்து 8 அடி மேலே தொங்கும். கம்பங்களுக்கு இடையே 9 அடிதான், குறுக்குக் கம்பி 15 அடி உயரத்தில். அதனால் குறி தவறும் உதைகள் ஏராளம். வலையில் பட்டுத் திரும்பும் பந்து உயிரோடு இருக்கிறது. யார் எடுத்தாலும் ஓடலாம். வலை இறுக்கமாக இருந்தால் பந்து திரும்ப மைதானத்துக்குள் பாயும், தளர்ந்திருந்தால் காலடியிலேயே விழும். வெளியூர் அரங்குக்குப் போனதும் முதல் வேலையாக ஒவ்வொரு வலையிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் பத்துப் பத்து உதை அடித்துப் பாருங்கள். எதிரணியின் உதையைப் பிடித்துத் திரும்ப ஓடும் இருவரில் ஒருவர் கிக்கரையும் மற்றவர் வலையையும் பார்த்து நிற்கட்டும். இருவருமே வலையைப் பார்த்து நின்றால், முன்னால் தாழ்வாக வரும் பந்து காலிடுக்கில் நழுவி எதிரணியிடம் போய்விடும்.