டீ கலத்தினுள் சமிக்ஞை செல்லும் வழியை வரைந்து கற்பது எப்படி?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை போன்ற இடங்களில் உயர்தர உயிரியலைத் தமிழில் கற்றுவிட்டுப் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் மாணவர்கள், நிர்ப்பீடனவியலில் டீ கலத்தின் (தொற்றுகளை எதிர்க்கும் ஒரு வெண்குருதிக் கல வகையின்) சமிக்ஞைப் படத்தைக் கண்டதும் அதை மேலிருந்து கீழாக மனனம் செய்ய முற்படுகிறார்கள். அப்படி மனனம் செய்த படம் பரீட்சை வரை நிலைப்பதே அரிது. ஒரு வெற்றுத்தாள், பென்சில், அழிறப்பர் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, நொதியத் தொழிற்பாடு எதுவுமின்றிப் பிற புரதங்களை ஒன்றுசேர்க்கும் இணைப்புப் புரதங்களைப் படத்தின் நடுவில் நிறுத்தி வரைந்தால், எது எதற்காக நிகழ்கிறது என்பது தானாகவே விளங்கத் தொடங்கும். இம்முறைக்கு ஆய்வுகூடம் தேவையில்லை.

முதலில் கலமென்சவ்வை ஒரு நீண்ட கோடாக வரைந்து, அதன் குறுக்கே டீ கல வாங்கியையும் அதனுடன் சேர்ந்துள்ள சிடி3, ஸீட்டா சங்கிலிகளையும் குறியுங்கள். அச்சங்கிலிகளின் உள்வால்களில் மொத்தமாக 10 ஐடாம் பகுதிகள் (சமிக்ஞையைத் தொடக்கும் குறுகிய அமினோ அமிலத் தொடர்கள்) உள்ளன. ஒவ்வொன்றிலும் டைரோசின் என்னும் அமினோ அமிலம் இரண்டு உண்டு. வாங்கி உடலெதிரியாக்கியை, அதாவது பெப்டைட்டு என்னும் சிறு புரதத் துண்டைப் பற்றியதும் எல்.சி.கே என்னும் கைனேஸ் அந்த டைரோசின்களில் பொஸ்பேற்றுக் கூட்டத்தைச் சேர்க்கிறது. ஸாப்-70 என்னும் அடுத்த கைனேஸ் அங்கு வந்து பொருந்துகிறது. இந்தப் பகுதி எல்லாப் பாடநூல்களிலும் தெளிவாக உள்ளதால் இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம்.

இனி, மென்சவ்வில் சற்றுத் தள்ளி, லாட் என்னும் புரதத்தைத் தாளின் மிகப் பெரிய உருவமாக வரையுங்கள். 1998இல் இனங்காணப்பட்ட இப்புரதத்துக்குக் கலத்தின் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மிகச் சிறியது. நீண்ட வால் குழியவுருவினுள் இருக்கிறது. அவ்வாலில் 132, 171, 191, 226ஆம் இடங்களிலுள்ள நான்கு டைரோசின்களை இலக்கத்துடன் குறியுங்கள். கொழும்பிலிருந்து வரும் பாதை கண்டிக்கும் பதுளைக்குமாகப் பிரிகின்ற பேராதனைச் சந்தி எந்தப் புகையிரதத்தையும் இழுப்பதில்லை, ஆயினும் அது இல்லாவிட்டால் இரண்டு ஊர்களுக்கும் வண்டி போகாது. லாட்டின் நிலையும் அத்தகையதே.

ஒவ்வொரு டைரோசினுக்கும் எதிரே, அதில் யார் வந்து பொருந்துகிறார் என்பதை எழுதுங்கள். ஸாப்-70 அந்த டைரோசின்களுக்குப் பொஸ்பேற்றுச் சேர்த்த பின்னரே எஸ்.எச்.2 என்னும் பகுதியைக் கொண்ட புரதங்கள் அவற்றைப் பற்ற முடியும். 132இல் பொஸ்போலைபேஸ் சி காமா-1 (மென்சவ்வுக் கொழுப்பைப் பிளந்து கல்சியச் சமிக்ஞையைத் தொடக்கும் நொதியம்) பொருந்துகிறது. 171, 191, 226 ஆகியவற்றில் கிராப்-2 வருகிறது. அது சொஸ் என்னும் புரதத்தைக் கூட்டி வந்து ராஸ் பாதையை, அதாவது கலப் பெருக்கத்தைத் தூண்டும் சமிக்ஞைத் தொடரைத் திறக்கிறது. 171, 191 ஆகிய இரண்டிலும் காட்ஸ் என்னும் இன்னோர் இணைப்புப் புரதமும் பொருந்தலாம். அது தன் எஸ்.எச்.3 பகுதியால் எஸ்.எல்.பி-76 என்னும் மூன்றாவது இணைப்புப் புரதத்தைப் பிடித்திருக்கிறது. இவ்விடத்தில் ஒரு கணம் நின்று படத்தைப் பாருங்கள். பொஸ்போலைபேஸ் ஒரு கையால் லாட்டையும் மறு கையால் எஸ்.எல்.பி-76ஐயும் பற்றியுள்ளது, அதனைத் தொழிற்படச் செய்யும் ஐ.டி.கே கைனேஸும் எஸ்.எல்.பி-76இன் மீதே இருக்கிறது. நொதியமும் அதனை ஏவுவதும் அருகருகே வருவதற்குக் காரணம் இணைப்புப் புரதங்கள்தாம்.

132ஆம் டைரோசினைச் சுற்றிச் சிவப்பு வட்டமிடுங்கள். ஸாப்-70 விரும்பும் டைரோசின்களுக்கு அருகில் அமிலத் தன்மையுள்ள அமினோ அமிலங்கள் இருக்கும். ஆனால் இதற்கு முன்னே 131ஆம் இடத்தில் இருப்பது கிளைசின். அதனால் இங்கு பொஸ்பேற்றுச் சேர்வது மெதுவாகவே நடக்கிறது. வாங்கியில் ஒரு கணம் ஒட்டி விலகும் பலவீனமான பெப்டைட்டுகள் இந்தத் தாமதத்தைக் கடக்குமுன் பிரிந்துவிடுகின்றன. உறுதியாகப் பற்றி நிற்பவை மட்டுமே கடக்கின்றன. அந்தக் கிளைசினை அஸ்பார்டிக் அமிலமாக மாற்றியபோது, பொதுவாகப் பொருட்படுத்தப்படாத பலவீனமான பெப்டைட்டுகளுக்கும் டீ கலங்கள் துலங்கின என்பது 2019இல் காட்டப்பட்டது. தன்னுடையதையும் பிறவற்றையும் பிரித்தறியும் திறனில் ஒரு பங்கு ஓர் இணைப்புப் புரதத்தின் ஒற்றை அமினோ அமிலத்தில் தங்கியிருப்பது, என் மதிப்பில், இப்பாடத்தின் மிகச் சிறந்த செய்தி.

அடுத்து அழிறப்பரை எடுங்கள். லாட்டை முழுவதும் அழித்தால் என்ன நிகழும் என்று முதலில் நீங்களே எழுதிவிட்டுப் பின்னர் விடையைப் பாருங்கள்: லாட் இல்லாத எலிகளில் டீ கலங்களின் விருத்தி தைமஸிலேயே தடைப்பட்டது, பீ கலங்களோ வழமைபோல் இருந்தன. இரண்டாவதாக, 132ஐ மட்டும் அழியுங்கள். எலியில் இதற்கு ஒத்த இடம் 136. கல்சியச் சமிக்ஞை குன்றும் என்று எதிர்பார்ப்பீர்கள், அது சரியே. ஆனால் 2002இல் வெளியான ஆய்வுகளில், அவ்விடத்தில் டைரோசினுக்குப் பதிலாக பீனைல்அலனின் வைக்கப்பட்ட எலிகளின் மண்ணீரலும் நிணநீர்க் கணுக்களும் வீங்கின, டீ கலங்கள் கட்டின்றிப் பெருகின, ஒவ்வாமையுடன் தொடர்புள்ள உடலெதிரியான இம்யூனோகுளோபுலின் ஈ மிக உயர்ந்தது. ஆகவே லாட்டைச் சமிக்ஞையை முன்னெடுப்பதாக மட்டும் வரைந்த படம் பிழையானது. அதிலிருந்து ஒரு தடுப்புக் கோட்டையும் வரைய வேண்டும். ஓய்விலுள்ள கலத்தில் பாக் என்னும் இணைப்புப் புரதம் சி.எஸ்.கே கைனேஸை மென்சவ்வுக்கு அழைத்து எல்.சி.கேயை அடக்கி வைத்திருப்பதையும் மறவாமல் சேருங்கள்.

பொஸ்போலைபேஸுக்குக் கீழே கல்சியம், கல்சினியூரின் (கல்சியத்தால் தொழிற்படும் நொதியம்), என்ஃபாட் (பரம்பரையலகுகளை இயக்கும் புரதம்), கரு என்று ஒரு வரியில் எழுதினால் போதும். சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றவர்கள் நாள்தோறும் உட்கொள்ளும் டக்ரோலிமஸ், சைக்ளோஸ்போரின் ஆகியவை கல்சினியூரினைத் தடுக்கின்றன. கண்டியில் உங்கள் மருத்துவப் பயிற்சியின்போது அத்தகைய நோயாளர் ஒருவரின் மருந்துச் சீட்டைக் கண்டால், அந்த மருந்தை இப்படத்தில் உரிய இடத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

இம்முறை கைவந்ததும் புதிய தாளில், பற்றீரியாக்களை உணரும் டோல் போன்ற வாங்கி 4ஐ வரையுங்கள். இங்கே இணைப்புப் புரதங்கள் பொஸ்பேற்றை நம்பாமல் ஒத்த பகுதிகள் ஒன்றோடொன்று சேர்வதால் பொருந்துகின்றன. மென்சவ்வில் டைராப் வழியாக மைடி-88 வருகிறது. வாங்கி அகக்கலன்களுக்குள் (கலத்தினுள்ளிருக்கும் சிறு பைகளுக்குள்) சென்றபின் டிராம் வழியாக டிரிஃப் வந்து, வைரசுகளை எதிர்க்க உதவும் இன்டர்ஃபெரோன் உற்பத்தியைத் தூண்டுகிறது. மைடி-88ஐ அழித்து எது எஞ்சுகிறது என்று பாருங்கள். பிறப்பிலேயே இப்புரதம் இல்லாத சிறுவர்களுக்கு நியூமோகொக்கஸ் போன்ற சில பற்றீரியாக்களால் கடும் தொற்றுகள் ஏற்பட்டாலும் பெரும்பாலான வைரசுகளை அவர்கள் எதிர்த்து நிற்பது ஏன் என்பதற்கான விடையின் ஒரு பகுதி, நீங்கள் அழிக்காமல் விட்ட கோடுகளில் இருக்கும்.