எலும்பு கூடும்போது மனசும் கூட வேண்டும்: பெங்களூரில் நோயாளியைக் கவனிப்பவர்களுக்கு

காலில் பிளேட் வைத்தாயிற்று, தையலும் பிரித்தாயிற்று. ஆனால் ஆள் வாக்கரைத் தொட மாட்டேன் என்கிறார். வீட்டில் ஒருவர் சோம்பேறித்தனம் என்பார், இன்னொருவர் வலி போனால் சரியாகிவிடும் என்பார். மனச்சோர்வாகவும் இருக்கலாம். எலும்பு முறிவு, மாரடைப்பு, பக்கவாதம், சர்க்கரை, எதனோடு அது சேர்ந்தாலும் மாத்திரை தவறும், பயிற்சி நிற்கும், உடம்பு தேறுவதும் தள்ளிப்போகும். அதனால் இரண்டுக்கும் ஒரே சமயத்தில் வைத்தியம் நடக்க வேண்டும்.

முதலில் இரண்டு கேள்வி. கடந்த 2 வாரத்தில் எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை விட்டுப்போன மாதிரி இருந்ததா? ஒவ்வொன்றுக்கும், இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் என்றால் 3. இரண்டையும் கூட்டி 3 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். இந்த இரண்டு கேள்விக்கு பி.எச்.கியூ-2 என்று பெயர், அதைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

தூக்கமின்மை, பசியின்மை, அசதி மூன்றையும் வைத்து மட்டும் முடிவு கட்டாதீர்கள். வலியும் ஆன்டிபயாடிக்கும் வார்டு விளக்குமே அவற்றைக் கொண்டுவரும். மகனைப் பார்த்தும் முகம் மலரவில்லை, பிடித்த சீரியலைக்கூடப் போடச் சொல்லவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. உறவுக்காரர்கள் சூழ்ந்து நிற்கும்போது கேட்டால் 'நல்லாத்தான் இருக்கேன்' என்றுதான் பதில் வரும். தனியாகக் கேளுங்கள். சாக வேண்டும் என்ற நினைப்பு வருகிறதா என்றும் நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. ஆமாம் என்றால் தனியே விடாமல், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம்.

இந்த ஊரில் இன்னொரு சிக்கல் மொழி. டாக்டர் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ கேட்பார், நடுவில் மகளோ மனைவியோ மொழிபெயர்ப்பார்கள். 'வாழ்க்கையே வெறுத்துப்போச்சு' என்பது அங்கே 'கொஞ்சம் டயர்டா இருக்காராம்' என்று போய்ச் சேரும். தமிழ் தெரிந்த நர்ஸ் இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் நோயாளி சொன்னதை அப்படியே தாளில் எழுதிக் கொடுங்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை என்றால் மனநலப் பிரிவு அங்கேயே இருக்கும். 'சைக்கியாட்ரி ரெஃபரல் எழுதுங்க சார்' என்று ரவுண்ட்ஸின்போதே கேளுங்கள். எடுத்த எடுப்பில் ஓசூர் ரோட்டிலிருக்கும் பெரிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸுக்கு ஓட வேண்டியதில்லை. தைராய்டு, ஹீமோகுளோபின், பி12 பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள். இவை குறைந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார்.

ஆபரேஷன் முடிந்த சில நாளில், வயதானவர் ராத்திரியில் சுவரில் எறும்பு ஊர்கிறது என்கிறார், பகலில் தெளிவாக இருக்கிறார் என்றால் கதையே வேறு. அது டெலிரியமாக இருக்கலாம், அதாவது உடம்புக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். கிருமித்தொற்று, சோடியம் குறைவு, சிறுநீர் அடைப்பு, மருந்து என்று பின்னால் ஏதோ ஒன்று இருக்கும். விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே டியூட்டி டாக்டரைக் கூப்பிடுங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்தால் மோசமாகும்.

அதிகம் தவறு நடப்பது மாத்திரையில். எலும்பு டாக்டருக்கு மனநல டாக்டர் எழுதியது தெரியாது, இவருக்கு அவர் எழுதியது தெரியாது. எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு இருவரிடமும் காட்டுங்கள். வலிக்குக் கொடுக்கும் டிரமடால், செர்ட்ராலின் வகை மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு வரலாம். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரலோடு அதே வகை சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும், கறுப்பாக மலம் போகிறதா என்று பாருங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு டமாக்சிஃபென் சாப்பிடுபவர் ஃப்ளுஆக்சிடின், பராக்சிடின் இரண்டையும் தவிர்ப்பது நல்லது. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்று மருந்து இருக்கிறது.

மனச்சோர்வு மாத்திரையில் குணம் தெரிய 2 முதல் 4 வாரம் ஆகும். முதல் வாரத்தில் குமட்டல் மட்டும் வருவதால் பலர் விட்டுவிடுகிறார்கள். சாப்பாட்டுக்குப் பின் கொடுத்தால் பெரும்பாலும் அடங்கும். தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும்.

டிஸ்சார்ஜ் சம்மரியில் மனநல மருந்தும் அடுத்த தேதியும் இருக்கிறதா என்று கவுன்டரை விட்டு நகருமுன் பாருங்கள். முடிந்தால் எலும்பு, மனநலம் இரண்டு ஓபிடிக்கும் தேதியை ஒரே நாளில் வாங்குங்கள், ஊன்றுகோலோடு ஆட்டோவில் இரண்டு தடவை அலைய முடியாமல்தான் பலர் மனநல ஓபிடியைக் கைவிடுகிறார்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை அதே இரண்டு கேள்வியைக் கேட்டு, எண்ணைக் காலண்டரில் குறித்து, டாக்டரிடம் காட்டுங்கள்.