மாரி வருமுன் காரின் அடிப்பகுதியைப் பாருங்கள்

கிழக்கிலங்கையில் கல்லடி, காத்தான்குடி, கல்முனை என்று கடலோரமாகவே ஓடுகிற கார்களுக்கு மேலே பெயின்ட் பளபளவென்று இருக்கும், அடியில் கறள் தின்றுகொண்டிருக்கும். காற்றோடு வருகிற உப்பு தகட்டில் படிந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் காரணம். ஆகவே ஆகஸ்ட், செப்டம்பர் வெயில் இருக்கும்போதே அண்டர்கோட்டிங் வேலையை, அதாவது அடித்தகட்டுக்குக் காப்புப் பூச்சு அடிப்பதை, முடித்துவிடுங்கள்.

பலர் செய்கிற பெரிய பிழை, கறளுக்கு மேலேயே தார் போன்ற கறுப்புக் கோட்டிங்கை அடித்துவிடுவது. பார்க்கப் புதுசு போலத்தான் இருக்கும், ஆனால் அது எங்காவது வெடித்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராமல் நின்று, தகடு நமக்குத் தெரியாமலே உக்கிப்போகும். முதலில் சில்லு வளைவுகளுக்குள் ஒட்டிய சேறு போக நல்ல தண்ணீரில் கழுவி (கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம்), ஒன்றிரண்டு நாள் முழுதாகக் காயவிட்டு, கம்பி பிரஷால் கறளைச் சுரண்டி, ரஸ்ட் கன்வெர்ட்டர் (மிச்சக் கறள் பரவாமல் மாற்றிவிடுகிற திரவம்) பூசி, பிரைமர் அடியுங்கள். சரி, கோட்டிங் அதற்குப் பிறகுதான்.

பழைய கார் என்றால் மெழுகு அல்லது லனோலின் (ஆட்டு ரோமத்தில் இருந்து எடுக்கிற கொழுப்பு) வகைக் கோட்டிங்கைத்தான் நான் சொல்வேன். இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும், இறுகி வெடிக்காது. வருடம் ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

சைலன்சர், பிரேக், சென்சர் எதிலும் கோட்டிங் படக்கூடாது. கதவுக்கு அடியில் தண்ணீர் வடிகிற சின்னத் துளைகளும் அடைபடக்கூடாது. அப்புறம், ஜாக்கை மட்டும் நம்பி காருக்கு அடியில் புகவே வேண்டாம், கட்டாயம் ஸ்டாண்ட் வையுங்கள்.