ஞாயிற்றுக்கிழமை மேட்சுக்கு ஒரு கயிறு போதும்

கண்மாய்க்குள் டென்னிஸ் பந்து கிரிக்கெட் மேட்ச் ஆடும்போது சண்டை பெரும்பாலும் பிட்ச் நீளத்தில்தான் தொடங்கும். ஒருவர் 22 எட்டு வைப்பார், இன்னொருவர் அது குட்டை என்பார். எட்டின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுமே!

எங்கள் அணியில் இப்போது ஒரு கயிறு வைத்திருக்கிறோம். சரியாக 66 அடி, அதாவது 22 கஜம். இரண்டு முனையிலிருந்தும் 4 அடி தள்ளி ஒரு முடிச்சு, அதில் சிவப்புத் துணி. கயிற்றை இழுத்துப் பிடித்து முனைகளில் ஸ்டம்ப் நடுங்கள். துணி இருக்கும் இடத்தில் கிரீஸ் கோடு, அதாவது மட்டை பிடிப்பவர் நிற்கும் கோடு. முடிச்சு போட்ட பிறகு அளந்து பாருங்கள், முடிச்சு கொஞ்சம் நீளத்தைத் தின்றுவிடும். நைலான் வேண்டாம், இழுத்தால் நீளும்.

கோட்டை மட்டையால் கீறினால் ஐந்து ஓவரில் அழிந்துவிடும். தண்ணீர் பாட்டில் மூடியில் ஓட்டை போட்டு, சுண்ணாம்புக் கரைசலை ஊற்றிப் பீய்ச்சுங்கள். சாயங்காலம் வரை பளிச்சென்று தெரியும். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரிச்சல் தாங்காது.

அப்புறம், கருவேலங்கம்பு ஸ்டம்ப் என்றால் உயரம் 28 அங்குலம், மூன்றும் சேர்ந்து அகலம் 9 அங்குலம். அந்த அளவையும் அதே கயிற்றில் குறித்துவிடலாம்.